மிஞ்சிய சாந்து

"வெளியே வாக்கா! அந்த நகராட்சி அம்மா வீட்டைப் பார்த்து முடிக்கிற வரைக்குமாவது தெருவுல நில்லு!"

எக்கார்ட் கீழே நின்று கத்தினான்.

அக்கா வில்ட்ரூட், தம்பி வீட்டைப் பார்த்த மாடி ஜன்னலில் உட்கார்ந்து பிளம்ஸ் கேக்கைக் கரண்டியால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"காபி ஆறிடும்டா," என்றாள்.

கயிறு திரிப்பவர் சந்து என்கிற அந்தத் தெரு முழுக்க வேடிக்கை பார்க்க வந்திருந்தது. ரொட்டிக்கடைக்காரி கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவவில்லை.

பார்க்கத் தகுந்த வீடுதான் அக்காவுடையது. முந்நூறு வருஷத்துக்கு முன் ஓக் மரச்சட்டங்களைப் பூட்டி, நடுவில் களிமண்ணும் வைக்கோலும் அடைத்து எழுப்பியது. குடித்தவன் பக்கத்து ஆளின் தோளைத் தேடுவது போல ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும்.

அந்தப் பக்கத்துத் தோள், தம்பியின் வீடு.

அப்பா போன பிறகு அக்கா பழைய வீட்டை எடுத்துக்கொண்டாள். அவன் தோட்டத்தை எடுத்துக்கொண்டான். பழைய நகர அகழியைத் தூர்த்த இடம் அது. அப்பா அங்கே முட்டைக்கோஸைத் தவிர எதுவும் வைத்ததில்லை. எக்கார்ட் கான்கிரீட்டில் நெட்டுக்குத்தாக ஒரு வீட்டை வைத்தான்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே, மாடி உயரத்தில், குறுக்கே ஒரு மர முட்டுக் கொடுத்ததும் அவன்தான்.

"எங்கக்கா வீட்டை என் சுவருதான் சுமக்குது," என்று பீர்க்கடையில் சொல்லிக்கொள்வான்.

போன இலையுதிர் காலத்தில் நகராட்சிக்கு எழுதியும் போட்டான். என் பெண்டாட்டி பிள்ளைகள் தலையில் விழுவதற்குள் இடித்துவிடுங்கள் என்று.

நகராட்சியில் பழங்கட்டடங்களைச் சோதிக்கும் மென்னிக் அம்மாள் அப்போதுதான் வந்தாள். வில்ட்ரூட் வீட்டின் ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சாந்தை அப்பி, ஈரத்திலேயே தேதியைக் கீறினாள். அந்தச் சாந்து நீளாது, வளையாது. வீடு மயிரிழை அசைந்தாலும் வெடித்துக் காட்டிவிடும்.

குளிர்காலம் முடிந்து ஒரே ஒன்று வெடித்திருந்தாலும் வீட்டை இடிக்க உத்தரவு. எல்லாம் முழுசாக இருந்தால் வீடு காக்கப்பட வேண்டிய கட்டடம், எவனும் கைவைக்க முடியாது.

அன்றைக்குக் கடைசி விரிசலை அப்பியதும் கிண்ணத்தில் ஒரு கை சாந்து மிஞ்சியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறுகிவிடும் சாமான்.

"வீணாப் போகுதே மேடம். எங்க தம்பி சுவத்துலயும் ஒரு கீறல் கெடக்கு, அங்க அப்பிட்டுப் போங்க," என்றாள் வில்ட்ரூட்.

சந்து சிரித்தது. எக்கார்டும் சிரித்தான். தானே கிண்ணத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

"அப்புங்க மேடம், அப்புங்க. அது பெயின்ட்ல விழுந்த கீறல். என் பேரன் காலத்துலயும் அப்படியே இருக்கும்."

மறுநாளே அந்தச் சுவரை ஒட்டி விறகை அடுக்கிவிட்டான். எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

இன்று மென்னிக் அறை அறையாக வந்துகொண்டிருந்தாள். வில்ட்ரூட் எழுந்திருக்கவில்லை. குளிர்காலம் முழுக்க மரம் முனகும்போதெல்லாம், "அசையாதே சனியனே," என்று வீட்டைத் திட்டியிருக்கிறாள். கட்டிலுக்கு மேலே இருந்த சாந்தை மட்டும் அவள் பார்க்கவே இல்லை. முதல் நாளே துணியை ஆணியடித்து மறைத்துவிட்டாள்.

மென்னிக் அந்தத் துணியைத் தூக்கினாள்.

வில்ட்ரூட்டின் கரண்டி பாதியில் நின்றது.

"முழுசா இருக்கு. எல்லாமே முழுசா இருக்கு," என்றாள் மென்னிக்.

வில்ட்ரூட் கேக்கை விழுங்கினாள். பிறகு ஜன்னல் வழியாக உடம்பில் பாதியை வெளியே நீட்டினாள்.

"அசையலடா!"

சந்து கைதட்டியது. ரொட்டிக்கடைக்காரி விசிலடித்தாள்.

எக்கார்டின் முகம் சிவந்துபோனது.

"அசையலன்னா என் முட்டு எதுக்கு? தானா நின்னுக்கட்டும்!"

அவனுடைய கருவிப்பெட்டி வாசலிலேயே கிடந்தது. இந்தக் குளிர்காலத்தில் அவன் வீட்டுக் கதவு ஒவ்வொன்றாய்ப் பிடித்துக்கொள்ள, ஈரத்துக்கு ஊறியதென்று சீவிச் சீவிச் சலித்திருந்தான். அதிலிருந்து ரம்பத்தை உருவினான். அக்கா சுவரில் ஏணியைச் சாய்த்து, தன் வீட்டுக்கு முதுகைக் காட்டி ஏறினான்.

"அறுடா! உன்னைக் கேட்டா இது முந்நூறு வருஷம் நின்னுச்சு? நல்லா அறு!"

அறுத்தான். மரத்தூள் கீழே விழுந்தது.

கீழே இறங்கி வந்த மென்னிக் பையை மூடப்போனவள், ஏதோ நினைவு வந்தது போல நின்றாள். விறகுக் கட்டைகள் நாலைந்தை இழுத்துப் போட்டாள்.

"ரம்பத்தை எடுங்க! அந்த முட்டு மரத்தைத் தொடாதீங்க!"

அவன் சுவரில் இருந்த சாந்து நடுவில் வெடித்து இரண்டாகக் கிடந்தது. இடைவெளியில் நகம் நுழையும்.

சந்து மொத்தமும் அண்ணாந்து அந்த முட்டு மரத்தைப் பார்த்தது. எந்தச் சுவர் எந்த வீட்டைச் சுமக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது.

எக்கார்ட் ஏணியில் அக்காவின் ஜன்னலுக்கு நேராக நின்றான். ரம்பத்தை மரத்திலிருந்து மெல்ல உருவினான். வாசலில் அவன் பெண்டாட்டி கெர்டா, பிள்ளைகள் இருவரையும் தன்னோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள்.

வில்ட்ரூட் இன்னொரு கோப்பையை எடுத்தாள். தரை சரிந்த இந்த வீட்டு மேசையில் எப்போதும் ஊற்றுவது போல, சிந்தாதபடி பாதி மட்டும் ஊற்றினாள்.

"இப்படியே ஜன்னல் வழியா உள்ள வா. கெர்டாவையும் பிள்ளைங்களையும் கூப்பிடு. மேல ரூம்ல படுக்கை போடறேன்."

அவன் அசையாமல் நின்றான்.

"தலைமாட்டை மட்டும் மேட்டுப் பக்கமா வெச்சுக்கச் சொல்லு. இல்லன்னா காலையில தலை கனக்கும்."