ஏழு மணிச் சந்தேகம்

"மாத்திரலாமுங்களாண்ணா, இல்ல இருக்கறதே போதுமுங்களா?" என்று கேட்டார் ஜீவானந்தம். எதிரே கம்ப்யூட்டர், காதில் ஹெட்போன். போன் பேச்சும் அதன் வழியாகத்தான்.

"அவசரப்படாதீங்க சாமி," என்றார் மறுமுனையில் சுவாமிநாதன். சேலம் அஞ்சு ரோட்டில் இந்தக் கம்ப்யூட்டரை விற்ற கடைக்காரர். "மதர்போர்டுலயே வர்ற சவுண்டு அவ்வளவு மோசமில்லீங்க. ஹெட்போன சிபியூவுக்கு முன்னால சொருகறீங்களா, பின்னாலயா?"

"முன்னாலதானுங்க."

"பின்னால சொருகிப் பாருங்க. பாதி இரைச்சல் அதுலயே போயிரும். அதுக்கும் திருப்தி இல்லீன்னா, வெளிய வெக்கற சவுண்டு டப்பா ஒண்ணு போட்டுக்கலாம்."

வெளியே வைக்கிற டப்பாவா, உள்ளே மாட்டுகிற சவுண்டு கார்டா, இரண்டுமே வீண் செலவா? நான்கு மாதமாக நடக்கிற வழக்கு இது. தினமும் மாலை ஏழு மணிக்கு எடுத்துக்கொள்ளப்படும், ஏழரைக்கு ஒத்திவைக்கப்படும். பெண் பார்க்கப் போன இடங்களில்கூட ஜீவானந்தம் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

போன இடங்கள் பதினேழு. ஒன்றும் அமையவில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் தரகரும் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். இருந்த ஒரே துணையான அம்மாவும் இரண்டு வருடம் முன்பு போய்ச் சேர்ந்தார்.

நாமக்கல்லுக்குப் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. பண்ணையை ஒட்டியே ஒற்றை அறை. காலையில் முட்டை லாரி வந்தால் நாலு வார்த்தை பேசலாம். லாரி போன பிறகு நாற்பதாயிரம் கோழிகளும் இவரும்தான்.

ஒரு நாள் பழைய பாட்டுக் கேட்கும்போது ஹெட்போனில் 'உஸ்'ஸென்று இரைந்தது. சிபியூவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, கம்ப்யூட்டர் விற்ற கடைக்குப் போன் போட்டார். எடுத்தவர் என்ன விஷயம் என்று கேட்பதற்கு முன்பே, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டு ஜீவானந்தத்துக்கு வெகு நாளாகியிருந்தது. மறுநாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டார்.

இதில் ஒரு திருட்டுத்தனமும் இருந்தது. அந்த டப்பாவை ஜீவானந்தம் மூன்று வாரத்துக்கு முன்பே வாங்கிவிட்டார். சுவாமிநாதனிடம் வாங்கினால் பேச்சு அன்றோடு முடிந்துவிடும் என்று பயந்து, வேறு இடத்திலிருந்து கூரியரில் வரவழைத்தார். இதோ, மானிட்டருக்குப் பக்கத்தில் நீல விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, அபாரமான சாமான். இரைச்சல் இருந்த இடம் தெரியவில்லை. அடுத்த அடியைத் தொடங்குமுன் பாடகி இழுக்கிற மூச்சுகூடக் கேட்டது. ஆனால் வாங்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டால், நாளை ஏழு மணிக்கு எதைக் கேட்பது?

பாட்டு துல்லியமானது போலவே போன் பேச்சும் துல்லியமாகிவிட்டது. அதுதான் வினையாகப் போனது. இன்று சுவாமிநாதன் குரலுக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்டது. "ஒரு நிமிசம் இருங்க," என்று எழுந்து போனவர், சற்று மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

கடைக்குப் பின்னாலேயே வீடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் ஜீவானந்தம். ஏழு மணி, கடையில் ஆள் நெரிகிற நேரம். இந்த மனுஷன் வியாபாரத்தையும் விட்டு, அடுப்பையும் விட்டு, எதுவும் வாங்கப்போகாத ஒருத்தனுக்காகத் தொண்டை வறளப் பேசுகிறாரே. வெட்கமாகப் போயிற்று. இனியும் ஏமாற்றினால் நாம் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"அண்ணா, ஒரு விசயம் சொல்லோணுமுங்க. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க சாமி."

"அந்த டப்பாவ நான் வாங்கி மூணு வாரமாச்சுங்க. அப்பறமும் தெரியாத மாதிரி கேட்டுட்டே இருந்தேன். ஊட்டுல பேச ஆளில்லீங்க, அதுதான்."

 பதிலுக்குக் காத்திராமல் ஜீவானந்தமே தொடர்ந்தார்.

"உங்க பொழப்பக் கெடுத்துப்போட்டேன். நாளைக்கே பஸ் ஏறி சேலம் வாரேனுங்க. உங்க கடையில எதையாச்சும் வாங்குனாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"வர வேண்டாமுங்க." பட்டென்று வந்தது பதில்.

போச்சு என்று நினைத்தார் ஜீவானந்தம். நான்கு மாதத்துப் பழக்கத்தைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாயிற்று. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாளையிலிருந்து ஏழு மணிக்கு என்ன செய்வது?

"கோவமுங்களாண்ணா?" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. பதில் காதில் விழுவதற்குள் போனை வைத்துவிடலாமென்று கை மவுஸைத் தேடியது.

"கோவமெல்லாம் இல்ல சாமி. நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடுங்க, நானும் பாத்துட்டுத்தான் இருப்பேன்," என்றார் சுவாமிநாதன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"கடைய மூடித்தான் ஒரு வருசமாச்சுங்க."