பிணம் பேசக் கூடாது

"மேடம், பிணம் மூச்சு விடுது!"

"விடட்டுமே ஏட்டய்யா. மூச்சையும் நிறுத்திட்டா அப்புறம் நிஜமாவே கேஸ் எழுதணும்" என்றாள் சப்-இன்ஸ்பெக்டர், கையுறையை மாட்டிக்கொண்டே.

ஏட்டு பிணத்தின் மணிக்கட்டை விட்டார். "நாடியும் பிச்சுக்கிட்டு ஓடுது மேடம். பாவம், முதல் தடவையா நடிக்கிறான் போல."

கொலை வழக்குப் பிரிவில் சேர்வதற்கான செய்முறைத் தேர்வு அது. ஒரு வீட்டில் கொலை நடந்த மாதிரி எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு, ஆயுதப்படை ஆள் ஒருவரைப் பிணமாகப் படுக்க வைத்துவிடுவார்கள். விதிப்படி இடத்தை ஆராய்ந்து குற்றவாளி யாரென்று சொன்னால் பாஸ். நம்ம சப்-இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டவள். முதல் தடவை பிணத்தின் கையை மிதித்துவிட்டாள். அடுத்த தடவை தடயமாக வைத்திருந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டாள். இதுவும் போனால் பழையபடி சிக்னலில் நின்று விசில் ஊத வேண்டியதுதான்.

பச்சை கேட், உடைந்த பூட்டு, உள்ளே பிணம். உதவி கமிஷனர் சொன்ன அடையாளம் அச்சு அசலாகப் பொருந்தியது. பீரோ வாயைப் பிளந்து நின்றது. துணிமணியெல்லாம் தரையில். அதன் நடுவே பிணம் குப்புறக் கிடந்தது, ஒரு காலில் மட்டும் செருப்போடு.

"இந்தத் தடவை தாராளமா செலவு பண்ணியிருக்காங்க ஏட்டய்யா. போன தடவை அட்டைப் பெட்டியைக் காட்டி, பீரோன்னு நினைச்சுக்கோன்னாங்க."

"ரத்தத்தைத்தான் காணோம் மேடம்."

"கழுத்தை நெரிச்சிருப்பாங்க. முதல்ல வெளிய போற வழியெல்லாம் அடைங்க. வாசல், பின்கதவு, ஜன்னல், ஒண்ணு விடாம."

ஏட்டு பம்பரமாகச் சுழன்றார். பின்கதவுத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் பிணம் தலையைத் தூக்கியது.

"மேடம், கொஞ்சம் வெளிய போயிட்டு வந்துடறேன்."

"உஷ்! பிணம் பேசக் கூடாது."

"அவசரம் மேடம்."

"செத்தவருக்கு என்னய்யா அவசரம்? நீங்க இப்ப தடயம். தடயம் இடம் மாறினா எனக்கு மார்க் போயிடும். அப்படியே திரும்பிப் படுங்க, போட்டோ எடுக்கணும்."

"முகம் வேண்டாமே மேடம்."

"அட, வெட்கத்தைப் பாரு! நல்லாத்தான் இருக்கீங்க."

நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தாள். பிணத்தின் பத்து விரலையும் மையில் அழுத்தி ரேகை எடுத்தாள். பிறகு ஏட்டு அதன் பேன்ட் பாக்கெட்டைத் துழாவினார். ஒரு சங்கிலி, சில வளையல்கள், ஒரு கைக்கடிகாரம் வந்தன.

சப்-இன்ஸ்பெக்டரின் கண்கள் மின்னின. "பார்த்தீங்களா! இவ்வளவு நகை பாக்கெட்லயே இருக்கு, கொலைகாரன் தொடவே இல்ல. அப்போ இது திருட்டுக்காக நடந்த கொலை இல்ல. எழுதிக்குங்க, முன்விரோதம்."

ஏட்டுக்குப் புல்லரித்தது. பிணத்துக்குப் புரையேறியது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மாமியார். மருமகள் கொலை கேஸ் போலீஸாகிவிட்டாள் என்று சொந்தபந்தம் முழுக்க இப்போதே சொல்லி வைத்திருப்பவள்.

"என்னம்மா, பாஸாயிட்டியா?"

"அத்தை, பிணத்துகிட்ட இருக்கேன். அப்புறம் பேசறேன்."

"பாவம், சாப்பிட்டாராமா அவரு?"

"சாப்பிட்டீங்களா?" என்று குனிந்து கேட்டாள். பிணம் இல்லையென்று தலையாட்டியது. ஏட்டு தன் சட்டைப் பையிலிருந்த பிஸ்கட்டை அதன் வாயில் வைத்தார்.

எல்லாம் முடிந்தது. நகைக்கு சீல் வைத்தாயிற்று, அறிக்கையும் தயார். குற்றவாளி யார் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. வீட்டை மூன்று சுற்று சுற்றி வந்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. தலையில் கை வைத்துக் கட்டிலில் உட்கார்ந்தவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"விடுங்க மேடம், சிக்னல்லயும் காத்து வரும்" என்று ஏட்டு ஆறுதல் சொன்னார்.

வாசலில் ஏட்டு கட்டியிருந்த நாடாவைத் தாண்டிக்கொண்டு உதவி கமிஷனர் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார். அவர் வாயைத் திறக்கும் முன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து ஒப்பிக்க ஆரம்பித்தாள்.

"வழியெல்லாம் அடைச்சாச்சு சார். போட்டோ, ரேகை எடுத்தாச்சு. நகைக்கு சீல் வெச்சாச்சு. குற்றவாளி மட்டும்..." அறிக்கையில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினாள். "யாருன்னு தெரியல சார்."

உதவி கமிஷனரின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். சட்டையெல்லாம் தக்காளி சாஸ், நெஞ்சில் ஒரு பிளாஸ்டிக் கத்தி.

"மேடம், நான்தான் பிணம். எதிர்த்தாப்புல இருக்கிற பச்சை கேட் வீட்டுல காலையிலேருந்து செத்துக் கிடக்கேன், நீங்க வரவே இல்லையே!"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அங்கே கிடந்தவன் பிஸ்கட்டை விழுங்கிவிட்டு மெல்லக் கையைத் தூக்கினான்.

"குற்றவாளி இங்க இருக்கேன் சார். மேடத்துக்கு சீக்கிரம் பாஸ் போடுங்க, எனக்கு நிஜமாவே அவசரம்!"