தூணுக்குப் படையல்

அயிரைமீன் குழம்பின் வாசம் கல்லுக்குள்ளும் வந்தது.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்ப முகம் என்று ஒன்று இல்லை. சுண்ணாம்பும் செங்கல்லும் அதை எப்போதோ தின்றுவிட்டன.

பசி மட்டும் அப்படியே இருந்தது.

ஆற்று ரயில் பாலத்தின் நடுத்தூணுக்குள் அவனை உயிரோடு வைத்துக் கட்டச் சொன்னவர் வெள்ளைக்காரத் துரை. கல் சுமப்பவர்களைச் சவுக்கால் அடிக்கக் கூடாது என்று வேலையை நிறுத்தியவன் அவன். "குழியில தண்ணி ஊறுது, வந்து பாருண்ணே" என்று கூட்டிவந்து தள்ளிவிட்டவன் கூடப்பிறந்த தம்பி இருளாண்டி.

இப்போது தம்பிதான் மேஸ்திரி.

ஆளில்லாத நேரம் பார்த்து இரண்டு முறை, தூணுக்குள் கிடந்தவன் அதை உலுக்கியிருந்தான். இரண்டு முறையும் வளைவு ஆற்றில் விழுந்தது.

அதனால்தான் இந்தப் படையல். உப்புப் போட்ட சோற்றைத் தின்ற ஆவி, நிற்கும் இடத்துக்குக் காவலாகிவிடும். பிறகு உலுக்க முடியாது. ஊருக்கே தெரிந்த கட்டு அது.

யார் வைத்தாலும் தொடுவதில்லை என்றிருந்தான்.

இலை போட வந்தவள் பேச்சி. அவன் பெண்டாட்டி.

இவளுமா.

"கை நடுங்காம உப்புப் போட்டீகளா மதினி?" என்றான் இருளாண்டி.

"தாராளமாப் போட்டிருக்கேன்."

படையலுக்கு முன் யாரும் ருசி பார்ப்பதில்லை. இருளாண்டி தூணைப் பார்த்துக் கும்பிட்டான்.

"கோவத்த விட்ருண்ணே. வயிறாரத் தின்னுட்டுப் பாலத்தப் பாத்துக்க."

சொல்லிவிட்டு மேடேறிப் பாலத்தின் மேல் ஓடினான். அக்கரையில், பாலத்தைக் கடக்கப்போகும் முதல் ரயில்வண்டி நின்றது. துரைக்குப் பக்கத்தில் எஞ்சினில் ஏறிக்கொண்டான்.

பேச்சி சோற்றில் குழம்பை ஊற்றினாள். கழுத்தில் தாலி இல்லை. அதை அறுக்க வைத்தவர்களுக்கே சமைத்திருக்கிறாள்.

அவனுக்குள் ஏதோ விட்டுப்போயிற்று.

இனி யாருக்காகப் பட்டினி கிடப்பது?

உண்டான்.

முதல் வாய் சப்பென்று இருந்தது.

பசியில் நாக்கு மரத்துவிட்டது என்று நினைத்தான். குழம்பை மட்டும் எடுத்து உறிஞ்சினான்.

புளி தெரிந்தது. காரம் தெரிந்தது.

வேறெதுவும் தெரியவில்லை.

பேச்சி தலையைத் தூக்கித் தூணைப் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

அக்கரையில் எஞ்சின் ஊதியது.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். வேடிக்கை பார்க்க ஆற்றுமணலில் கூடியிருந்த சனங்களை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

"பாலத்துக்கு அடியில நிக்காதீக. ஏறுங்க, எல்லாரும் கரைக்கு ஏறுங்க."