லெட்டூஸில் பூத்த வெள்ளை

சம்பந்தம் முடிக்க வந்த ஓய்னிஸா, ரொட்டியைப் பிட்காமல் கீரைப் பாத்தியைப் பார்க்கப் போய்விட்டாள்.

அது அவளுடைய பலவீனம். யார் வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் முற்றத்து மண்ணுக்குத்தான் போகும்.

பெண்ணின் அம்மா ஹிகோயத்துக்கு உயிரே போய்விட்டது. லெட்டூஸ் கீரையின் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

"நேத்துக்கூட நல்லா இருந்துச்சுக்கா. இவதான் சாயங்காலம் முற்றம் தெளிக்கிறேன்னு இலையை எல்லாம் நனைச்சுத் தொலைச்சிருப்பா."

பெண் ஷாகிஸ்தா மறுத்துப் பேசவில்லை. நாலு கீரையைக் காப்பாற்றத் தெரியாதவளை எந்த மாமியார் கூட்டிக்கொண்டு போவாள் என்று அம்மா பொரிந்து தள்ளியபோது, அதுவும் சரிதான் என்பதுபோலத் தலையாட்டினாள்.

ஓய்னிஸாவுக்குச் சிரிப்பு வந்தது. பூஞ்சை பிடிக்காத தோட்டம் இந்தக் கோகந்த் ஊரில் எங்கே இருக்கிறது? தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் வடியுமே, அந்தத் தண்ணீரைத் தெளித்தால் போதும், மற்ற நாளில் வேருக்கு மட்டும் நீர் விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பாத்தி ஓரத்தில் குந்தினாள்.

பூஞ்சைக்குப் பயந்து இந்தப் பெண்ணைக் கைவிட அவளுக்கு மனமில்லை. மகன் ஜஸூருக்குப் பெண் தேடித் தேடிக் கால் தேய்ந்தவள் அவள். காற்றுப் போக இடம் விட்டு நாற்று நட்டிருந்த இந்தப் பாத்தியை முதல் தடவை வந்து கண்ட அன்றே, மருமகள் இவள்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

பெண்ணுக்கும் முழுச் சம்மதம் என்று ஹிகோயத் சொல்லியிருந்தாள். உள்ளே விரிப்பில் ரொட்டி காத்திருந்தது. அதைப் பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு யார் நினைத்தாலும் பின்வாங்க முடியாது.

ஓய்னிஸா ஓர் இலையைக் கிள்ளித் திருப்பினாள்.

லெட்டூஸில் இந்த வெள்ளை இலைக்கு அடியில்தான் கிளம்பும். மேலே மஞ்சள் திட்டுதான் தெரியும். இங்கே மஞ்சளையே காணோம். அடிப்பக்கம் பச்சைப்பசேல் என்று இருந்தது.

மேல்பக்கத்தை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

நிமிர்ந்தபோது ஷாகிஸ்தாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

 அதற்குள் வீட்டுக்குள் போயிருந்த ஹிகோயத், தேநீர் ஆறுகிறது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

விரிப்பில் உட்கார்ந்ததும் ஓய்னிஸா ரொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முழுசாகவே தள்ளி வைத்தாள். தப்பெல்லாம் எங்கள் பக்கம்தான் என்றாள். மகன் மனதில் வேறு யாரோ இருப்பதுபோல் தெரிகிறதாம். அவனை ஒரு வார்த்தை கேட்காமல் ரொட்டியைப் பிட்டால் பாவமாம்.

கூட வந்திருந்த ஓரகத்தி மஸ்தூரா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். ஜஸூர் மனதில் அடுத்த வேளைச் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஹிகோயத் தலைத்துணியின் முனையால் மூக்கைத் துடைத்தாள். ஓய்னிஸாவும் மகனை நினைத்துக்கொண்டாள். தெருவில் நாளைக்குத் அவனைத்தான் வாயில் போட்டு மெல்வார்கள்.

வாசலில் ஷாகிஸ்தா விருந்தாளிகளின் செருப்பைத் திருப்பி வைக்கக் குனிந்தாள். ஓய்னிஸாவும் அவளோடு குனிந்தாள்.

"இலையில நீ தூவின ரொட்டி மாவை இப்பவே உதறி விட்டுடு கண்ணு. ராத்திரி பனி இறங்குச்சுன்னா பசையாப் பிடிச்சுக்கும், நிஜமாவே பூஞ்சை வந்துடும்."

ஷாகிஸ்தா நிமிர்ந்தாள். வலது கையை நெஞ்சில் வைத்து இடுப்பு மடங்கக் குனிந்து நின்றாள். புகுந்த வீட்டில் புது மருமகள் மாமியாருக்குச் செய்கிற சலாம் அது.

 இந்தப் பெண்ணிடமிருந்து ஓய்னிஸாவுக்கு இனிமேல் கிடைக்கப்போவது அது ஒன்றுதான்.