கிணற்றில் இறங்கிய களை மருந்து

“நீ வயல்ல அடிச்ச களை மருந்து எங்க குடிதண்ணிக் கிணத்துல இறங்கிட்ச்சி, அண்ணா! நிச்சயதார்த்தமும் வேணா, ஒரு மண்ணும் வேணா!”

ஆம்பூரை ஒட்டிய அந்தக் கிராமத்தில் கெங்கம்மாள் வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அண்ணன் கன்னியப்பன் கையைப் பிசைந்தார். அவர் மகன் தணிகைவேலுக்குத்தான் அவள் மகள் மனோரமாவைப் பேசியிருந்தது.

“யாருக்கானா வாந்தி பேதியாம்மா?”

“பருப்பு ஒரே கொதியில கரைஞ்சிபோவுது. சோப்பு பொங்கிப் பொங்கி நுரைக்குது. நீயே குடிச்சிப் பாரு!”

குடித்துப் பார்த்தார். வாய்க்கு என்னவோ போல்தான் இருந்தது. மகன் கல்யாணம் போச்சே என்று பதறி, விவசாய அதிகாரியைக் கூட்டிவந்து தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவோடு வந்த அதிகாரி, “மருந்து துளியும் இல்ல. ஆனா இனிமே கிணத்துக்கிட்ட அடிக்காதீங்க. ஆமா, மேல இருக்கிற தோல் பதனிடுற டேனரி ஓடுதா?” என்றார்.

“ஸ்ட்ரைக்குங்க. ரொம்ப நாளா கழிவுத் தண்ணி வர்றதில்ல,” என்றார் கன்னியப்பன்.

“அதான் விஷயம். கிணத்துல உப்பு இறங்கல.” அதிகாரி கெங்கம்மாள் பக்கம் திரும்பினார். “ நீங்க இப்ப குடிக்கிறதுதாம்மா நல்ல தண்ணி!”

கெங்கம்மாள் நம்புவாளா? இத்தனை வருஷமாக உப்புக் கரிக்கும் தண்ணீருக்கே பழகிய நாக்கு.

ஒருவழியாக ஸ்ட்ரைக் முடிந்தது. கால்வாயில் பழையபடி செம்பழுப்பாகக் கழிவு ஓடியது. சில வாரம் கழித்து கெங்கம்மாள் ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்பதான் தண்ணி தண்ணியா இருக்குது. மருந்து முறிஞ்சிட்ச்சி. தட்டு மாத்திக்கலாம்ணா!”

கல்யாணமாகி மனோரமா திருப்பத்தூரில் குடியேறினாள். மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கெங்கம்மாள், குடிக்க ஒரு குடம் ஊர்த் தண்ணீரோடுதான் பஸ் ஏறுகிறாள்.