ஏழு மணி நாடகம்

"இன்னைக்கு அந்தக் கருமத்தப் பாக்கப் போகாத. சொல்லிட்டேன்."

"முக்கா மணி நேரம்தாங்க. சோறு ஆக்கி வச்சிட்டேன். ரசத்த மட்டும் சூடு பண்ணிக்கங்க."

விஜயலெட்சுமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டு மாரியாயி அக்காவின் டிவிக்குப் போய்விட்டாள். ஜீவன் வாசலில் நின்று பல்லைக் கடித்தான்.

அந்த நாடகம் ஆரம்பித்த மூன்று வாரத்தில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயமே இரண்டுபட்டுப் போயிருந்தது. அறுபது, எழுபது வருடத்துக்கு முந்தைய வெளிநாட்டுக் கதை. ஒரு டாக்டரும் ஒரு டாக்டரம்மாவும் ஆராய்ச்சி செய்கிறார்கள். புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனியாக உட்கார வைத்து, படுக்கையறை விஷயங்களையெல்லாம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். எல்லோரும் நல்ல தமிழ் வேறு பேசுகிறார்கள்.

"கலாசாரம் கெட்டுப்போச்சு" என்றார்கள் லயத்து ஆண்கள். பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு மணியானதும் மாரியாயி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார்கள்.

ஜீவனுக்குக் கலாசாரத்தைப் பற்றிப் பெரிய கவலை எதுவும் கிடையாது. லுணுகலை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் பார்க்காத படமா? அவனால் பொறுக்க முடியாதது பெண்டாட்டியின் சிரிப்பு. கல்யாணமாகி எட்டு வருடம். அவன் முன்னால் பல் தெரியச் சிரிக்காதவள், அந்த வீட்டில் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். முகத்தில் ஒரு களையோடு வேறு திரும்பி வருகிறாள்.

அப்படி என்ன பேசுகிறார்கள்?

தெரிந்துகொள்வது ஒன்றும் கஷ்டமில்லை. லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். ஜீவன் ரசத்தை மறந்துவிட்டு, சுவரோரம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"உங்கள் கணவர் உங்கள் விருப்பத்தைக் கேட்பதுண்டா?" டிவியில் டாக்டரம்மா யாரையோ கேட்டாள்.

"கேக்குறதா! நம்ம வீட்டு ஆளுக்குக் கொறட்ட விடவே நேரம் பத்தல!" இது மாரியாயி.

"எங்க வீட்டுலயும் அதே கததான்" என்றாள் கோடி வீட்டுத் தயானி. எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்ததும் விஜயலெட்சுமியின் குரல் கேட்டது.

"அவரு கேப்பாரு."

ஜீவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அலுப்பா இருக்கான்னு கேப்பாருக்கா. ஆமான்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டாரு. போர்வைய எனக்குப் போத்திவிட்டுட்டுத் தள்ளிப் படுத்துக்குவாரு. கொழுந்து பறிச்சு வெடிச்சுப்போன வெரலுக்கெல்லாம் தேங்கா எண்ண தேச்சி விடுவாரு. வலிக்குதா, வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே தேய்ப்பாரு."

"அடியாத்தி! எப்ப இருந்துடி?"

"ஆரம்பத்துல இருந்தேதான்."

"குடுத்து வச்சவடி நீ. எனக்கு வயிறு எரியுது."

வயிறு எரிந்தது ஜீவனுக்குத்தான். ஆரம்பத்திலிருந்தேவா? எவன் அவன்? கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளையா? தராசைப் பார்க்காமல் இவள் முகத்தைப் பார்த்துத்தானே அவன் நிறுப்பான்! லயத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. தாலி கட்டியவன் மட்டும்தான் மடையன். எண்ணெய் தேய்த்து விடுகிறானாமே, எண்ணெய்! அவன் கையை முறிக்க வேண்டும் போலிருந்தது.

விடிந்ததும் இவளை மூட்டை முடிச்சோடு நமுனுகுலவில் அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் அதற்கு முன்னால் பேர் தெரிந்தாக வேண்டும்.

அடுத்த நிமிடம் மாரியாயி வீட்டுக் கதவு படீரென்று திறந்தது. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் பதறி எழுந்தார்கள்.

"யாருடி அவன்?"

"எவன்?" என்றாள் விஜயலெட்சுமி.

"நடிக்காத! எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் வர்றேன். அலுப்பா இருக்கான்னு கேக்குறவன்! வெரலுக்கு எண்ண தேச்சி விடுறவன்! எட்டு வருசமா எவன்கூடடி இந்தக் கூத்து? அந்தக் கணக்கப்பிள்ளையா?"

மாரியாயி அவனைப் பார்த்தாள். பிறகு விஜயலெட்சுமியைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் அவள் மேல் இருந்த பொறாமை, மாரியாயியின் முகத்திலிருந்து வடிந்துவிட்டது. ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தாள்.

"வீட்டுக்குப் போங்க தம்பி" என்றாள் மெதுவாக.

"நான் ஏன் போறேன்? பேரு தெரியாம இங்கேருந்து ஒரு அடி நகர மாட்டேன். இத்தன பேரு முன்னாடி சொல்லட்டும். யாரு அவன்?"

தயானி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விஜயலெட்சுமி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகையை விட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்காரரத் திட்டிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு உங்கள விட்டுக் குடுக்க மனசு வரலீங்க. அதான் நீங்க அப்படியெல்லாம் இருக்கீங்கன்னு சொல்லி வச்சேன்."