வரி விழுந்த கார்பன்

மூன்று பேர் நிற்கக்கூடிய ஆபரேட்டர் அறையில் ஒன்பது பேர் நின்றார்கள். அதில் ஐந்து பேர் கழுத்தில் மாலை வேறு.

கீழே மேட்னிக் கூட்டம் விசிலடித்தது.

புரொஜெக்டருக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் நுனியோடு நுனி பார்த்துக் காத்திருந்தன. அவை தொட்டுப் பிரிந்தால் வெளிச்சம். வெளிச்சம் வந்தால்தான் படம்.

"வெளிநாட்டுக் கார்பனுக்கு இனிமேல் நாம் கையேந்த வேண்டியதில்லை," என்றார் பனியன் கம்பெனி முதலாளி சென்னிமலை. "நமது ஊர்த் தாரில், நமது சொந்த விஞ்ஞானத்தில்..."

விஞ்ஞானம் வாசலோரம் பூசைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தது. பெயர் மயிலாள்.

முறையைச் சொல்லிக்கொடுக்க வந்த கெமிஸ்ட், தலைவலி என்று மூன்றாம் மாதமே ஊருக்குப் போய்விட்டார். அதன்பின் கம்பெனிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் எல்லாம் மயிலாள்தான். ஜின்னிங் மில்லில் நிலக்கரி வாயுவில் ஓடும் எஞ்சின் ஒன்று இருந்தது. அது கக்கிய தார்க் கசடை வாளியில் அள்ளி வருவாள். பென்சீனில் போட்டு, நெருப்பில் காட்டாமல் வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் கரைப்பாள். சாம்பலும் மண்ணும் கரையாது. கரைந்ததை மட்டும் வடித்து, பென்சீனை ஆவியாக்கிப் பிடித்துக்கொண்டால் பளபளவென்று கறுப்புப் பிசின் மிஞ்சும். அதில் கல்கரித் தூளைப் பிசைந்து, குச்சியாக அழுத்திச் சுட்டால் கார்பன்.

வடிப்பதற்கென்று முதலாளி ஜெர்மனியிலிருந்து காகிதம் தருவித்தார். கிழிந்தது. மயிலாள் பனியன் துணியை நாலு மடிப்புப் போட்டு வடித்தாள். நின்றது.

ஈரக் குச்சிகள் வளையாமல் காய வேண்டுமே? பனியன் கழுத்துப்பட்டிக்கென்று மெஷினில் ஓட்டும் ஒடுக்கமான பின்னல் குழாய்க்குள் செருகித் தொங்கவிட்டாள். சுட்ட பிறகும் அந்தப் பின்னல் குச்சிமேல் மெல்லிய வரியாக நிற்கும்.

முதலாளி கொட்டகைக்கு வந்தது இரண்டு தடவை. இரண்டும் போட்டோவுக்கு.

குச்சியை எரித்துப் பார்க்கலாமா என்று மயிலாள் நாலைந்து முறை கேட்டிருந்தாள். தியேட்டரில் வைக்கும் அறிமுக விழாவிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி விட்டுவிட்டார். விழா நெருங்கியதும்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பெரிய மனிதர்கள் முன்னால் அணைந்துபோனால்?

ஆகவே இன்று காலை ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு ஜோடி வெளிநாட்டுக் கார்பனின் செம்புப் பூச்சையும் பெயரையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். பட்டுத்துணியில் சுற்றி வந்து, தியேட்டர் படியடியில் தம் கையாலேயே மயிலாளின் தட்டில் வைத்தார்.

"இன்னையோட தகரக் கொட்டாயப் பூட்டிரலாம், மயிலா. பேரு வந்தாச்சுன்னாப் போதும். நீ பழையபடி கம்பெனில பனியன் கைமடிக்கப் போயிரு."

மயிலாள் தட்டைப் பார்த்தாள். மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"செரீங்க. சாமிகிட்ட வெச்சு எடுத்துட்டு வந்தர்றனுங்க."

புதுச் சாமான் எதையும் பொட்டு வைக்காமல் ஓட்டுகிற ஊர் இல்லை இது. படிக்கட்டுக்குக் கீழே மாட்டியிருந்த முருகன் படத்தின் முன் தட்டை வைத்துக் கும்பிட்டுத் திரும்பியபோது, குச்சியே தெரியாத அளவுக்குச் சந்தனம் அப்பியிருந்தாள்.

"கார்பனுக்குக் கல்யாணமுங்களா?" என்று நுனியைத் துடைத்துத்தான் மாட்டினார் ஆபரேட்டர் ராஜா முகமது.

இப்போது குச்சிகளைத் தொடவிட்டுப் பிரித்தார்.

வெளிச்சம் பிடித்தது. இருமவில்லை, துடிக்கவில்லை. கீழே விசில் நின்று படம் தொடங்கியது.

சென்னிமலைக்கும் பேச்சு பிடித்துக்கொண்டது. சாம்பல் கலக்காத கார்பன், நூற்றுக்கு நூறு நம்முடைய சரக்கு, வெள்ளைக்காரன் வந்து பார்க்கட்டும் என்று ரீல் முடிகிறவரை பேசினார். பொய் என்பதால் எங்கும் தடுமாறவில்லை.

ரீல் முடிந்ததும் ராஜா முகமது எரிந்த மிச்சத்தை இடுக்கியால் எடுத்து நீட்டினார். கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்காக முதலாளி முன்பே கேட்டிருந்தார்.

"கண்ணு சிமிட்டலீங்க, அருமையான சரக்கு. ஆனா இதென்னங்க, மேலெல்லாம் பனியனாட்ட வரி?"

சூட்டில் சந்தனம் உதிர்ந்திருந்தது. சென்னிமலை குனிந்து பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

மயிலாள் மடியிலிருந்து எதையோ எடுத்து எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். உப்புத்தாள் பட்ட, வழவழவென்ற ஒரு ஜோடி. அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் வெற்றிலையால் மூடினாள்.

இருபது நிமிடமாகத் தாம் பேசியது அத்தனையும் உண்மை என்று சென்னிமலைக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஏனுங்க," என்றாள் மயிலாள், "கொட்டாயப் பூட்டறதுங்களா?"

அவர் மாலையைக் கழற்றினார். வாசலை நோக்கி ஓரடி வைத்தார். ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி, மாலையைப் புரொஜெக்டருக்குப் போட்டார்.

"தொறந்தே இருக்கட்டும்."

எது என்று யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.